பழைய சைக்கிளுக்குப் புதுப் பிரேக் பொருந்துமா?

மாடிப்படிக்கு அடியிலோ கொல்லைத் தாழ்வாரத்திலோ சாத்தி வைத்த பழைய சைக்கிள் ஒன்று உங்களில் பலர் வீட்டில் இருக்கக்கூடும். தாத்தா ஓட்டியது, பிறகு அப்பா ஓட்டியது, இப்போது உங்கள் கைக்கு வந்திருக்கிறது. சட்டம் இன்னும் உறுதியாக இருக்கிறது. டயரும் டியூபும் மாற்றியாயிற்று, செயினுக்கு எண்ணெய் விட்டாயிற்று. பிரேக் மட்டும் சரியாகப் பிடிக்கவில்லை. அண்டை வீட்டுப் பையனின் கியர் சைக்கிளில் இரண்டு விரல்களால் தொட்டாலே சக்கரம் நின்றுவிடுகிறது. அந்த மாதிரிப் பிரேக்கை வாங்கி இதில் மாட்டிவிட்டால் என்ன என்று தோன்றுவது இயற்கைதானே?

மாட்டலாம், சில சமயம் மாட்டவும் முடியும். ஆனால் திருகாணி முடுக்கியதும் பிரேக் பொருந்திவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. கடைவாசலில் நன்றாகப் பிடித்த பிரேக், பாலத்து இறக்கத்தில் லீவர் ஹேண்டில்பாரைத் தொட்ட பிறகும் பிடிக்காமல் போவதுண்டு. அல்லது அளவுக்கு மீறிப் பிடித்து, ஓட்டுபவரைத் தலைகுப்புறத் தள்ளுவதும் உண்டு. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. உங்கள் இயற்பியல் புத்தகத்தில் நெம்புகோல் பாடத்தில் அது இருக்கிறது.

முதலில் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

ஒரு சைக்கிளை நிறுத்த எவ்வளவு விசை வேண்டும்?

நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். அதாவது விநாடிக்கு 5 மீட்டர். இது ஒன்றும் பெரிய வேகமல்ல. உங்கள் இயக்க ஆற்றல் ½ × 80 × 5 × 5 = 1000 ஜூல். எதிரே ஓர் ஆட்டுக்குட்டி திடீரென்று குறுக்கே ஓடி வருகிறது. 5 மீட்டருக்குள் நின்றாக வேண்டும். 1000 ஜூலை 5 மீட்டரால் வகுத்தால் 200 நியூட்டன். சக்கரத்தின் விளிம்பை, அதாவது ரிம்மை, இவ்வளவு விசை எதிர்த்து இழுக்க வேண்டும். அந்த விசையைத் தருவது பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் இடையிலுள்ள உராய்வுதான்.

உராய்வு விசை என்பது அழுத்தும் விசையை உராய்வுக் குணகத்தால் பெருக்கி வருவது என்று படித்திருப்பீர்கள். காய்ந்த ரிம்முக்கும் ரப்பர் கட்டைக்கும் உராய்வுக் குணகம் 0.5 என்று கொள்வோம். அப்படியானால் 200 நியூட்டன் உராய்வைப் பெற மொத்தம் 400 நியூட்டன் அழுத்தம் வேண்டும். இருபுறமும் ஒவ்வொரு கட்டையாக இருப்பதால், ஒரு கட்டைக்கு 200 நியூட்டன். 20 கிலோ எடையைத் தூக்கி அந்தச் சின்ன ரப்பர் துண்டின் மேல் வைத்தாற்போல என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் விரல்களால் லீவரைச் சிரமமில்லாமல் எவ்வளவு விசையுடன் இழுக்க முடியும்? ஏறத்தாழ 50 நியூட்டன் என்று கொள்ளலாம். ஆகவே 50 நியூட்டனை 200 நியூட்டன் ஆக்கித் தர வேண்டும், நான்கு மடங்கு. இந்தப் பெருக்கத்துக்குத்தான் இயந்திர லாபம் என்று பெயர். சைக்கிள் கடையில் 'லீவர்' என்று நாம் சொல்வதும் பாடத்தில் 'நெம்புகோல்' என்று படிப்பதும் ஒன்றே என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஒரு சைக்கிள் பிரேக்கில் நெம்புகோல்கள் இரண்டு உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கையில் பிடிப்பது ஒன்று. சக்கரத்தின் அருகே கட்டையைத் தாங்கி நிற்கும் கரம் மற்றொன்று. இரண்டையும் இணைப்பது பிரேக் ஒயர். முதல் நெம்புகோலின் லாபத்தை இரண்டாவதின் லாபத்தால் பெருக்கினால் மொத்த லாபம் கிடைக்கிறது. எந்த நெம்புகோலும் இலவசமாக எதையும் தருவதில்லை. விசையில் நான்கு மடங்கு கிடைத்தால், நகரும் தூரத்தில் நான்கில் ஒரு பங்குதான் கிடைக்கும். பொருத்தம் என்று நாம் பேசப்போவது முழுவதும் இந்தக் கொடுக்கல் வாங்கலைப் பற்றித்தான்.

தாத்தா காலத்துக் கம்பி பிரேக்

மிகப் பழைய சைக்கிள்களில் பிரேக் ரிம்மைத் தொடவே இல்லை. கரண்டி போன்ற ஓர் இரும்புத் தகடு மேலிருந்து டயரின் மீதே அழுந்தும். கெட்டி ரப்பர் டயர் இருந்தவரை இது ஒருவாறு வேலை செய்தது. 1888இல் ஜான் பாய்டு டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். காற்று டயர் பரவியதும் கரண்டி பிரேக்குக்குக் கெட்ட காலம் வந்தது. அது டயரையல்லவா தேய்த்துத் தின்கிறது! டயரை விட்டு ரிம்மைப் பிடிக்கும் வழிகளைத் தேடினார்கள். அப்படிப் பிறந்தவற்றுள் ஒன்றுதான் இங்கிலாந்திலிருந்து ராலே, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள்களோடு நம் ஊருக்கு வந்த கம்பி பிரேக். யாழ்ப்பாணத்தார் 'றலி' என்று சொல்லும் சைக்கிளும் இந்த ராலேதான். 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் சென்னையை அடுத்த அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ் வண்டிகளிலும், பிறகு வட இந்தியாவில் செய்த அட்லஸ், ஹீரோ வண்டிகளிலும் அதே மாதிரி தொடர்ந்தது.

அந்தப் பிரேக்கைக் கூர்ந்து பாருங்கள். ஒயரே கிடையாது. ஹேண்டில்பாருக்குக் கீழே படுத்திருக்கும் லீவரை இழுத்தால், அதோடு சேர்ந்த இரும்புக் கம்பி மேலே வருகிறது. கம்பியின் அடியில் குதிரை லாடம் போன்ற ஒரு வளைவு, சக்கரத்தின் இருபுறமும் கால் விட்டு நிற்கிறது. கால்களின் நுனியில் பிரேக் கட்டைகள். லாடம் மேலே இழுபடும்போது கட்டைகள் ரிம்மின் பக்கவாட்டைத் தொடுவதில்லை. ஹப்பைப் பார்த்திருக்கும் உள்முகத்தை, ஸ்போக் கம்பிகளுக்கு இருபுறமும், கீழிருந்து மேலாக அழுத்துகின்றன. பின் சக்கரத்திலும் இதே கதைதான். ஆனால் கம்பி இரண்டு மூன்று இடங்களில் திரும்பிச் செல்ல வேண்டியிருப்பதால் நடுவில் சிறு திருப்பு நெம்புகோல்கள் இருக்கும்.

இதற்கென்றே செய்த ரிம்முக்கு வெஸ்ட்வுட் ரிம் என்று பெயர். அதன் குறுக்குவெட்டைப் பார்த்தால் பக்கங்கள் உருண்டு வளைந்திருக்கும். தட்டையான சுவர் இராது. உள்முகத்தில் கட்டை உட்காரத் தோதாக வளைவு இருக்கும். ஆகவே, கம்பி பிரேக்கைக் கழற்றிவிட்டு, பக்கவாட்டில் பிடிக்கும் பிரேக்கை மாட்டினால் அந்தக் கட்டை எதைப் பிடிக்கும்? உருண்டையான விளிம்பில் ஒரு கோடு அளவுக்குத்தான் தொடும், தொட்டு வழுக்கும். கொஞ்சம் மேலே போனால் டயரை அறுக்கும். புதுப் பிரேக் எவ்வளவு உயர்ந்த ரகமாக இருந்தாலும் பயனில்லை. ரிம்மையும் மாற்றினால்தான் பொருத்தம். அப்போது ஸ்போக் கம்பிகளையும் புதிதாகப் பின்ன வேண்டியிருக்கும். பத்து ரூபாய் வேலை என்று தொடங்குவது சக்கரத்தையே மாற்றுவதில் போய் நிற்கும்.

கம்பி பிரேக்கை ஏளனமாக எண்ணிவிடாதீர்கள். அதற்கென்று ஒரு சிறப்பு உண்டு. சக்கரம் பக்கவாட்டில் சற்றுக் கோணி ஆடினாலும் அதற்குக் கவலையில்லை. கட்டைகள் உள்முகத்தில் அழுந்துவதால் இடமும் வலமும் இரண்டொரு மில்லிமீட்டர் நெளிவது பெரிதாகத் தெரியாது. ரிம் மேலும் கீழும் மேடு பள்ளமாக இருந்தால்தான் விட்டு விட்டுப் பிடிக்கும். பக்கவாட்டில் பிடிக்கும் பிரேக்குக்கு இது நேர்மாறு. அதனால்தான் மூட்டை ஏற்றிக் கப்பிச் சாலையில் ஓட்டிய வண்டிகளுக்குக் கம்பி பிரேக் ஏற்றதாக இருந்தது. மழையில் துருப்பிடித்து இறுகிப் போக அதில் ஒயரும் உறையும் இல்லை. புதுப் பிரேக் போட்டதும் "சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை உரசுகிறதே" என்று சிலர் குறைப்படுவார்கள். உரசல் நேற்று வந்ததல்ல. சக்கரத்தின் கோணல் முன்பே இருந்தது, பழைய பிரேக் அதைக் காட்டிக் கொடுக்கவில்லை. பெண்டு எடுத்தால் சரியாகிவிடும்.

காலிப்பர் பிரேக்

1896இல் எர்னஸ்ட் பௌடன் என்பவர் ஓர் எளிய கருவிக்குக் காப்புரிமை பெற்றார். சுருள் கம்பியாலான உறைக்குள் ஓடும் முறுக்கு ஒயர். உறை நெளிந்து வளைந்து போனாலும் உள்ளே இருக்கும் ஒயர் இழுவிசையை மறுமுனைக்குக் கொண்டுபோய்விடும். இன்று சைக்கிள், மோட்டார் சைக்கிள் எதைப் பார்த்தாலும் இந்த ஒயர் இருக்கிறது. இதனால் கனமான கம்பிகளும் திருப்பு நெம்புகோல்களும் தேவையற்றுப் போயின. ரிம்மின் இரு பக்கச் சுவர்களையும் இடுக்கிபோல் பிடிக்கும் காலிப்பர் பிரேக்குக்கு வழி பிறந்தது.

சாதாரணக் காலிப்பரில் வளைந்த கரங்கள் இரண்டும் டயருக்கு மேலே ஒரே திருகாணியில் சுழல்கின்றன. ஒயர் ஒரு கரத்தை மேலே இழுக்க, ஒயரின் உறை மற்றொரு கரத்தைக் கீழே தள்ளுகிறது. சுழலும் புள்ளியிலிருந்து ஒயர் வரை உள்ள நீளமும் கட்டை வரை உள்ள நீளமும் ஏறக்குறைய சமமாக இருந்தால், கரத்தின் லாபம் 1. ஆக, நமக்கு வேண்டிய நான்கு மடங்கும் கையிலுள்ள லீவரிலிருந்தே வர வேண்டும். அந்த லீவரில் சுழலும் ஆணியிலிருந்து ஒயர் மாட்டும் இடம் சுமார் 20 மில்லிமீட்டர். விரல்கள் பிடிக்கும் இடம் சுமார் 80 மில்லிமீட்டர். 80ஐ 20ஆல் வகுத்தால் 4. கணக்கு சரியாக இருக்கிறதல்லவா? (கணக்கு எளிதாக இருக்க முழு எண்களாக எடுத்திருக்கிறேன். உங்கள் சைக்கிளில் சற்று முன்பின் இருக்கும்.)

பழைய பெரிய சைக்கிளில் காலிப்பர் மாட்டும்போது இன்னொரு சிக்கல் வருகிறது. அகலமான டயர், அதற்கு மேல் மட்கார்டு, அதற்கும் மேல் போர்க்கின் தலைப்பகுதி. காலிப்பரின் திருகாணி இருக்கும் இடத்திலிருந்து ரிம் வெகு கீழே கிடக்கிறது. எட்ட வேண்டுமானால் கரத்தின் கீழ்ப்பகுதி நீளமாக இருக்க வேண்டும். மேல்பகுதி 50 மில்லிமீட்டர், கீழ்ப்பகுதி 75 மில்லிமீட்டர் என்றால் கரத்தின் லாபம் 50/75, மூன்றில் இரண்டுதான். முன்பு 50 நியூட்டனில் நின்ற வண்டியை நிறுத்த இப்போது 75 நியூட்டன் வேண்டும். நீண்ட கரங்கள் இழுக்கும்போது வளைந்தும் கொடுக்கும். "புதுக் காலிப்பர்தானே, ஏன் பஞ்சுபோல் இருக்கிறது?" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். கரத்தின் நீளத்தைக் கேளுங்கள்.

1950களில் பிரான்சு நாட்டு மஃபாக் நிறுவனத்தின் நடு இழுப்புப் பிரேக்குகள் பந்தயச் சைக்கிள்களில் புகழ்பெற்றன. ஒயர் ஒரு பக்கமாக இழுக்காமல் நடுவில் இழுக்கும். கரங்களுக்குத் தனித்தனிச் சுழல் ஆணிகள். பிறகு ஒரு கரம் நடுவிலும் மற்றது பக்கத்திலுமாகச் சுழலும் இரட்டை ஆணிக் காலிப்பர்கள் பரவின. அவற்றின் கரத்து லாபம் சாதாரணக் காலிப்பரைவிட அதிகம். இவை எல்லாவற்றுக்கும் பழைய லீவரே போதும். தங்களுக்குள் இடம் மாற்றிக்கொள்வதில் பெரிய தொல்லை இல்லை.

தொல்லை வந்தது வி-பிரேக்கோடுதான்.

வி-பிரேக் என்னும் புது விருந்தாளி

1990களின் நடுவில் ஜப்பானிய நிறுவனமான ஷிமானோ மலைப்பாதைச் சைக்கிள்களுக்காக வி-பிரேக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று கியர் சைக்கிள்களில் சக்கரத்தின் இருபுறமும் இரண்டு நீளக் கரங்கள் நிமிர்ந்து நிற்கக் காண்கிறீர்களே, அதுதான். இதன் சுழல் ஆணி ரிம்முக்குக் கீழே, போர்க்கின் கால்களிலேயே பற்றவைத்த குமிழ்களில் இருக்கிறது. ஆணியிலிருந்து கட்டை 25 மில்லிமீட்டர் உயரத்தில். ஒயர் 100 மில்லிமீட்டர் உயரத்தில். கரத்தின் லாபம் 4.

லாபம் கூடியதும் விலை கொடுக்க வேண்டுமே! ஒவ்வொரு கட்டையும் ரிம்மிலிருந்து 2 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது என்று கொள்வோம். கட்டை 2 மில்லிமீட்டர் நகர, கரத்தின் உச்சி 8 மில்லிமீட்டர் நகர வேண்டும். இரண்டு கரங்கள், ஆக ஒயர் 16 மில்லிமீட்டர் இழுபட வேண்டும். சாதாரணக் காலிப்பருக்கு அதே இடைவெளியை மூட 4 மில்லிமீட்டர் ஒயரே போதும். அதனால்தான் வி-பிரேக்கோடு சேர்த்து அதற்கென்றே ஒரு லீவரையும் வடிவமைத்தார்கள். அந்த லீவரில் ஒயர் மாட்டும் இடம் ஆணியிலிருந்து சுமார் 40 மில்லிமீட்டர் தள்ளியிருக்கும். விரல் ஒரே அளவு நகர்ந்தாலும் அது பழைய லீவரைப்போல் இரு மடங்கு ஒயரை இழுக்கும். அதன் லாபம் 80/40, அதாவது 2. மொத்த லாபம் 2 × 4 = 8.

இப்போது நாம் தொடங்கிய கேள்விக்கு வருவோம். பழைய லீவரை வைத்துக்கொண்டு வி-பிரேக்கை மட்டும் மாட்டினால் என்ன ஆகும்? லாபம் 4 × 4 = 16! அடடா, பதினாறு மடங்கு, எவ்வளவு நல்ல பிரேக் என்று மகிழ்ந்துவிடாதீர்கள். கட்டை ரிம்மைத் தொட 16 மில்லிமீட்டர் ஒயர் வேண்டும். பழைய லீவர் அவ்வளவு ஒயரை இழுக்க, விரல்கள் 16 × 4 = 64 மில்லிமீட்டர் நகர வேண்டும். லீவருக்கும் ஹேண்டில்பாருக்கும் இடையே அவ்வளவு இடம் இருப்பதில்லை. கட்டை ரிம்மைத் தொடுவதற்கு முன் லீவர் ஹேண்டில்பாரைத் தொட்டுவிடும். பிரேக் இருந்தும் இல்லாத நிலை.

சிலர் இதற்கு ஒரு தந்திரம் செய்வார்கள். கட்டைகளை ரிம்முக்கு அரை மில்லிமீட்டர் வரை நெருக்கி வைத்துவிடுவார்கள். அப்போது விரல்கள் 16 மில்லிமீட்டர் நகர்ந்தாலே பிடித்துவிடும். கடைவாசலில் பார்த்தால் பிரமாதம். ஆனால் கட்டை சிறிது தேய்ந்ததும், ஒயர் சிறிது நீண்டதும், லீவர் மறுபடி ஹேண்டில்பாரைத் தேடிப் போகும். ரப்பர் தேய்வது நாள்தோறும் நடப்பது. மழை நாளில் சேறும் மணலும் சேர்ந்தால் ஒரே மாலைக்குள்கூடக் கணிசமாகத் தேயும். நேற்றுப் பிடித்த பிரேக் இன்று இறக்கத்தில் பிடிக்காது என்பது இப்படித்தான்.

கட்டை நெருக்கமாக இருக்கும்போது ஆபத்து வேறு வடிவில் வருகிறது. முன் பிரேக்கை அழுத்தும்போது உடலின் எடை முன்னோக்கிச் சாய்வதை உணர்ந்திருப்பீர்கள். ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்த புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து ஏறத்தாழ 1.1 மீட்டர் உயரத்தில், முன் சக்கரம் தரையைத் தொடும் புள்ளிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் பின்னால் இருக்கிறது. வேகக்குறைப்பு புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.6/1.1 பங்கை, சற்றேறக்குறைய பாதியைத் தாண்டினால் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும். 80 கிலோவுக்குக் கணக்கிட்டால் அந்த எல்லை சுமார் 430 நியூட்டன். லாபம் 16 உள்ள பிரேக்கில் இதை எட்ட உங்கள் விரல் எவ்வளவு இழுக்க வேண்டும் தெரியுமா? 27 நியூட்டன், மூன்று கிலோ எடைக்கும் குறைவு. பயந்துபோன ஒருவரின் கை அதைவிட அதிகமாகவே இழுக்கும். சரியான லீவரோடு சேர்ந்த வி-பிரேக்கில் 54 நியூட்டன். சாதாரணக் காலிப்பரில் 108 நியூட்டன். பழைய சைக்கிளில் பழகிய கைக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம். வி-பிரேக் சரியாகவே மாட்டப்பட்டிருந்தாலும் முதல் நாள் ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிப் பழகுங்கள்.

இதற்கு எதிர்மாறான கலப்பு ஒன்றும் நடக்கிறது. பழைய காலிப்பர் அப்படியே இருக்க, லீவர் உடைந்துபோனதால் கடையில் கிடைத்த வி-பிரேக் லீவரை மாட்டிவிடுவது. லாபம் 2 × 1 = 2. விரல் 8 மில்லிமீட்டர் நகர்ந்ததும் கட்டை 'டக்'கென்று ரிம்மைத் தொட்டுவிடும். பிடி கல்லைப்போல் இறுக்கமாக இருக்கும். "ஆகா, எவ்வளவு திடமான பிரேக்!" என்று ஏமாந்துபோவது இங்கேதான். தொட்டதோடு சரி, அதற்கு மேல் அழுத்த 100 நியூட்டன் வேண்டும். முன்பு ஒரு கை செய்த வேலைக்கு இப்போது இரண்டு கையின் பலம் தேவை. என்னைக் கேட்டால் இரண்டு கலப்பிலும் இதுவே வஞ்சகமானது என்பேன். தொளதொளவென்று இருக்கும் பிரேக்கை யாரும் நம்புவதில்லை. இறுக்கமாக இருப்பதை எல்லோரும் நம்பிவிடுகிறார்கள்.

பழைய லீவரையே வைத்துக்கொண்டு வி-பிரேக் போடத்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஒயரின் பாதையில் இரண்டு விட்டங்கள் கொண்ட சிறு கப்பி ஒன்றைப் பொருத்துவார்கள். லீவரிலிருந்து வரும் ஒயர் சிறிய வட்டத்தில் சுற்றியிருக்கும். பிரேக்குக்குப் போகும் ஒயர் பெரிய வட்டத்தில் சுற்றியிருக்கும். சிறிய வட்டம் ஒரு பங்கு சுழன்றால் பெரிய வட்டம் இரு பங்கு ஒயரை இழுக்கும். 'சக்கரமும் அச்சும்' என்று எளிய இயந்திரங்களில் படித்தீர்களே, அதுவேதான். கரங்களைக் குட்டையாக்கிய சிறிய வி-பிரேக்குகளும் இருக்கின்றன.

கான்டிலீவர்

வி-பிரேக்குக்கு முன் அதே குமிழ்களில் உட்கார்ந்திருந்தது கான்டிலீவர் பிரேக். இதன் இரு கரங்களையும் ஒரு குறுக்கு ஒயர் இணைக்கும். அதன் நடுவைப் பிடித்து முதன்மை ஒயர் மேலே இழுக்கும். இதற்குப் பழைய லீவரே ஏற்றது. துணி உலர்த்தும் கொடியை நினைத்துக்கொள்ளுங்கள். கொடி எவ்வளவு தட்டையாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறதோ, அவ்வளவுக்கு நடுவில் தொங்கும் சிறு ஈரத்துணிகூட முளைகளைப் பலமாக இழுக்கும். குறுக்கு ஒயரும் அப்படியே. அதைத் தாழ்வாக வைத்தால் விசை கூடும், தூரம் குறையும். உயர்த்தி வைத்தால் விசை குறையும். ஒரே பிரேக்கில் லாபத்தை நாமே மாற்றியமைக்க இடம் தரும் அருமையான ஏற்பாடு இது.

ஓர் எச்சரிக்கை. முதன்மை ஒயர் அறுந்தால் குறுக்கு ஒயர் கீழே விழும். முன் சக்கரத்தில் பள்ளம் பள்ளமான டயர் இருந்தால் அதில் சிக்கி, சக்கரம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். மட்கார்டு இருந்தால் அது தாங்கிக்கொள்ளும். ஆகவே கான்டிலீவர் உள்ள சைக்கிளில் அழகுக்காக முன் மட்கார்டைக் கழற்றுபவர்கள் யோசித்துச் செய்ய வேண்டும். மேலும், கட்டை தேயத் தேய அது ரிம்முக்குக் கீழே இறங்கி ஸ்போக் கம்பிகளின் பக்கம் போகும். அவ்வப்போது குனிந்து பாருங்கள்.

பெரும்பாலான பழைய சைக்கிள்களின் போர்க்கில் இந்தக் குமிழ்களே கிடையா. அவற்றுக்குக் கான்டிலீவரும் வி-பிரேக்கும் எட்டாக் கனிதான். போர்க்கில் குமிழைப் பற்றவைப்பது எல்லா வெல்டிங் கடையிலும் செய்யத்தக்க வேலை அல்ல. சூட்டில் குழாயின் பலம் கெட்டுவிடக்கூடும்.

26 என்றால் எல்லாம் 26 அல்ல

சக்கரத்தை மாற்றும்போது வரும் குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். டயரின் பக்கத்தில் 40-635 அல்லது 37-590 என்பதுபோல் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். இரண்டாவது எண், டயர் உட்காரும் வட்டத்தின் விட்டம், மில்லிமீட்டரில். பெரிய 28 × 1½ சைக்கிளுக்கு 635. 26 × 1⅜ என்பதற்கு 590. மலைப்பாதைச் சைக்கிளையும் 26 என்றுதான் சொல்கிறோம். ஆனால் அதற்கு 559. விட்டத்தில் 31 மில்லிமீட்டர் வித்தியாசம்; ஆரத்தில் பதினைந்தரை. அந்த அளவுக்குக் கட்டை கீழே இறங்க வேண்டும். காலிப்பர் கரத்திலுள்ள நீள்துளை அவ்வளவு இடம் தருவது அரிது. குமிழில் உட்காரும் பிரேக்குக்கோ அது முற்றிலும் இயலாது. 635 இருந்த இடத்தில் இப்போது பரவலாகக் கிடைக்கும் 700சி சக்கரத்தைப் போட்டால் விட்டம் 622. ஆரத்தில் ஆறரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். இது பெரும்பாலும் சமாளிக்கக்கூடியதே.

ரிம்மின் உலோகத்தையும் மறந்துவிடக் கூடாது. குரோம் பூசிய இரும்பு ரிம் காய்ந்திருக்கும்போது குறையில்லை. நனைந்தால் உராய்வுக் குணகம் அதலபாதாளத்துக்குப் போய்விடும். அது 0.1 ஆகக் குறைந்தால், நம் கணக்கில் 50 நியூட்டன் இருந்த இடத்தில் 250 நியூட்டன் வேண்டும். 25 கிலோ எடையை விரல்களால் இழுப்பது போல. எந்த மாணவர் கையாலும் ஆகாது. அலுமினிய ரிம் நனைந்தாலும் இவ்வளவு ஏமாற்றுவதில்லை. பழைய சைக்கிளுக்கு ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால், பிரேக்கை விட்டுவிட்டு ரிம்மை அலுமினியமாக மாற்றுங்கள் என்பேன். பக்கவாட்டில் பிடிக்கும் பிரேக் உள்ள வண்டிக்குத்தான் இது. கம்பி பிரேக் வண்டியை மழைக்காலத்தில் ஓட்டுபவர்கள், நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே லீவரை இலேசாக அழுத்தி, சக்கரம் சில சுற்றுகள் சுழன்று நீர் வழித்தெறியப்பட்ட பிறகு முழுதாக அழுத்துவது நல்லது.

நீங்களே அளந்து பாருங்கள்

உங்கள் சைக்கிளில் இருக்கும் லீவரும் பிரேக்கும் ஒன்றுக்கொன்று பொருத்தமா என்பதை ஓர் அளவுகோலால் கண்டுபிடித்துவிடலாம். காலிப்பரோ வி-பிரேக்கோ உள்ள சைக்கிளின் முன் சக்கரத்தைப் பெரியவர் ஒருவர் துணையுடன் கழற்றுங்கள். இப்போது கட்டைகளுக்கு நடுவே தடை எதுவும் இல்லை. கட்டைகள் இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நண்பரை லீவரைப் பிடிக்கச் சொல்லி, விரல்கள் படும் இடம் சரியாக 20 மில்லிமீட்டர் நகரும் அளவுக்கு இழுத்து நிறுத்தச் சொல்லுங்கள். கட்டைகளின் இடைவெளியை மறுபடி அளவுங்கள். எவ்வளவு குறைந்திருக்கிறது?

20ஐ அந்தக் குறைவால் வகுத்தால் வருவதுதான் உங்கள் பிரேக்கின் மொத்த லாபம். சாதாரணக் காலிப்பரும் அதற்குரிய லீவரும் என்றால் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் குறைந்திருக்கும், லாபம் 4. வி-பிரேக்கும் அதன் லீவரும் என்றால் இரண்டரை மில்லிமீட்டர், லாபம் 8. ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான் குறைகிறது என்றால் வி-பிரேக்கில் பழைய லீவர் மாட்டியிருக்கிறது. 10 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைகிறது என்றால் காலிப்பரில் வி-பிரேக் லீவர் இருக்கிறது. பின்னிரண்டில் ஒன்றாக இருந்தால், சக்கரத்தைத் திரும்ப மாட்டி, வண்டியைத் தள்ளிக்கொண்டே கடைக்குப் போய் லீவரை மாற்றித் தரச் சொல்லுங்கள். மாற்ற வேண்டியது பிரேக்கையல்ல, லீவரைத்தான் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள், செலவு குறையும்.